தோடம்பழத்துக்கு வாங்கிய பில்ற்றர்

தண்ணீர் விஷயத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று முப்பது வயதுவரை நம்பியிருந்தேன். நம்பியதற்குக் காரணமும் இருந்தது. நீர்வேலியில் வாழைத்தோட்டக்காரர் ஒருவரின் மகன் நான். எங்கள் வீட்டில் பிள்ளைகள் நடக்கப் பழகமுதல் வாய்க்காலில் விழப் பழகிவிடுவார்கள். பத்து வயதில் இறைப்பு மெசினைக் கயிறு சுற்றி இழுத்து இயக்குவேன். வாசல் படலையில் நின்று சத்தத்தைக் கேட்டே, அது தண்ணீர் இழுக்கிறதா காற்று இழுக்கிறதா என்று சொல்லிவிடுவேன். (ஊரில் இதற்கெல்லாம் ஒரு மரியாதை உண்டு. நல்லூரில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.)

இப்படி வளர்ந்த ஒருவனை, மூன்றடி நீளமான மீன்தொட்டி ஒன்றுக்கு பில்ற்றர் (வடிகட்டிதான்) தெரிவு செய்ய அனுப்பினால் என்ன நடக்கும்? எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். உங்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கூட்டிச் சொல்வார்கள்.

கலியாணமாகி மூன்று மாதம். எங்கள் பக்க வழக்கப்படி நான்தான் பெட்டியோடு மனைவி வீட்டுக்குக் குடிவந்திருந்தேன். (இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொஞ்சம் பயப்பட இருக்கிறது, அவ்வளவுதான்.) நல்லூரில் அந்த வீட்டில் மாமா, மாமி, என் மனைவி சுகந்தி, நான் என்று நாலு பேர். மாமா ஓய்வுபெற்ற நில அளவையாளர். அளக்காத பொருளை அவர் நம்பமாட்டார். தேநீருக்குச் சீனி போடும்போதுகூட கரண்டியை விரலால் வழித்து மட்டம் பார்ப்பார். என்னை அளந்து முடிக்க அவருக்கு மூன்று மாதம் போதவில்லை.

வீட்டில் எது பழுதானாலும் "மூத்தவர் வரட்டும், காட்டுவம்" என்பார். மூத்தவர் என்றால் மூத்த மருமகன், என் சகலன். ரொறன்ரோவில் குடிதண்ணீர் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றில் பொறியியலாளர். சமையல் குசினிக் குழாய் ஒன்று அவருடைய வருகைக்காக இரண்டு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பத்து நிமிட வேலை அது. நான் செய்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் தம்பி, உமக்கேன் கரைச்சல்" என்றார் மாமா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. எப்படியாவது இந்த வீட்டில் ஒரு வேலையைச் செய்து, "எங்கடை இளையவர்தான் செய்தவர்" என்று அவர் வாயால் ஒருமுறை சொல்லவைக்க வேண்டும் என்பதே அப்போது என் வாழ்க்கை இலட்சியம்.

இனி மீனுக்கு வருவோம். வீட்டு முன்கூடமான ஹோலில் இருந்த தொட்டியில் உள்ளங்கை அளவில் ஒரு தங்கமீன் தனியாக வாழ்ந்துவந்தது. பெயர் தோடம்பழம். (ஆரஞ்சுப் பழத்துக்கு நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மீனின் நிறமும் அதுதான்.) பெயர் வைத்தது சகலனின் மகள் ஆரணி, வயது ஆறு. அவள் அந்த மீனை நேரில் கண்டதே இல்லை. ஆனாலும் நாள் தவறாமல் பின்னேரம் ஆறு மணிக்கு, தான் பள்ளிக்கூடம் வெளிக்கிடமுதல் கனடாவிலிருந்து வீடியோ அழைப்பு எடுப்பாள். அம்மப்பா எப்படி, அம்மம்மா எப்படி என்ற கதையே கிடையாது.

"தோடம்பழத்திட்டைக் குடுங்கோ!"

மாமா கைபேசியைக் கண்ணாடியோடு பிடித்தபடி நிற்பார். அவள் தன் பள்ளிக்கூடப் புதினமெல்லாம் மீனுக்குச் சொல்வாள். மீன் வாயைத் திறந்து திறந்து மூடும். அது பதில் சொல்கிறது என்று அவள் நம்பினாள். மாமாவும் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வருடம் நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு அவர்கள் குடும்பமாக வருவதாக இருந்தது. கொடி ஏறினால் எங்கள் வீடுகளில் மச்சம் இல்லை. (மீன், இறைச்சி எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் அது.) திருவிழா முடியும்வரை அந்த வீட்டுக்குள் அனுமதி உள்ள ஒரே மச்சம் தோடம்பழம்தான்.

கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, விடிகாலையில் தொட்டியின் பழைய பில்ற்றர் நின்றுபோனது. மாமா அன்று காலையில்தான் வான் வண்டியில் கட்டுநாயக்காவுக்கு வெளிக்கிட்டு நின்றார், அவர்களை விமான நிலையத்திலிருந்து கூட்டிவர. மூத்தவரிடம் காட்டுவோம் என்றால் அவர் ஆகாயத்தில் இருந்தார். மாமா தொட்டியைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், கடைசியில் வேறு ஆளில்லாமல் என்னைப் பார்த்தார்.

"தம்பி, ரவுணிலை வளர்ப்பு மீன் விக்கிற கடையிலை ஒரு பில்ற்றர் எடுத்துப் பூட்டிவிடும். அளவெல்லாம் உந்தத் துண்டிலை எழுதியிருக்கிறன். தொட்டியிலை வேற ஒண்டிலையும் கை வைக்காதையும். பிள்ளை அந்த மீனைப் பாக்கத்தான் வருது. விளங்குதோ?"

"ஓம் மாமா. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாமல் போட்டு வாங்கோ."

துண்டுக் கடதாசியை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். விரித்துப் பார்க்கவில்லை. இரண்டு ஏக்கர் வாழைக்கு இறைத்தவனுக்குத் துண்டெழுதிக் கொடுப்பதா? (அப்போதைய என்னை இப்போது கண்டால் காதைப் பிடித்துத் திருகுவேன்.)

கடையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அக்கா, கையில் சின்ன வலையோடு நின்றார்.

"தொட்டி எத்தினை லீற்றர் தம்பி?"

"மூண்டடித் தொட்டி அக்கா."

"நீளம் சரி. அகலம், உயரம்?"

துண்டு பைக்குள்தான் இருந்தது. எடுத்தால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும். "ஒரு அளவான தொட்டி" என்றேன்.

அக்கா பொறுமைசாலி. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். காற்றுக் குமிழி விட்டு வேலை செய்யும் வெறும் ஸ்பொஞ்ச் ஒன்று. தொட்டி விளிம்பில் கொளுவுகிற பெட்டி ஒன்று. தொட்டிக்குக் கீழே வைத்துக் குழாய் கொடுக்கிற வாளி மாதிரியான ஒன்று.

"பில்ற்றருக்கு மூண்டு வேலை தம்பி. ஒண்டு, ஊத்தையைப் பிடிக்கிறது. ரெண்டு, உள்ளை இருக்கிற கரி, மணத்தையும் நிறத்தையும் எடுக்கும். மூண்டாவதுதான் பெரிய வேலை. மீன்ரை கழிவு தண்ணிக்குள்ளை நஞ்சாகும். அந்த நஞ்சைத் தின்னுற பற்றீரியா எண்ட நல்ல கிருமி உந்த ஸ்பொஞ்சுக்குள்ளைதான் குடியிருக்கும். அதுகள் குடிவந்து பெருகக் கிழமைக்கணக்கு எடுக்கும். அதாலை பழைய ஸ்பொஞ்சை எறியாமல் புதுசுக்குள்ளை..."

அக்கா சொன்னது இவ்வளவும் எனக்கு இன்றைக்கு மனப்பாடம். அன்றைக்கு ஒரு சொல் காதில் ஏறவில்லை. என் கண் அவர் தலைக்கு மேலே தட்டில் இருந்த ஒரு பெரிய கறுத்தப் பெட்டியில் நின்றது.

"உது என்ன அக்கா?"

"இது வீட்டு முற்றத்துக் குளங்களுக்குப் போடுறது."

"மணிக்கு எவ்வளவு இறைக்கும்?"

"ஆறாயிரம் லீற்றர்."

"கையிலை வைச்சிருக்கிறது?"

"எழுநூறு."

எழுநூறு! எங்கள் தோட்டத்து மெசின் தும்மினால் அவ்வளவு வரும்.

"அக்கா, உந்த எழுநூறை வைச்சு ஒரு வாழைக்கு இறைக்கேலாது."

"மீனுக்கு ஆர் தம்பி இறைக்கச் சொன்னது?"

அவர் சொன்னதில் இருந்த நியாயம் எனக்கு எட்டவில்லை. எங்கள் ஊரில் சின்ன மெசின் வாங்கிவந்தவனை ஒரு பருவம் முழுக்கப் பகிடி பண்ணுவார்கள். ஆறாயிரத்தையே கட்டித் தரச் சொன்னேன். அக்கா பெருமூச்சு விட்டு, பெட்டியின் மேல் தன் தொலைபேசி இலக்கத்தை எழுதித் தந்தார். பிறகு யோசித்து, அதன் கீழே ஒரு கோடும் இழுத்தார்.

வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்த்தேன். கற்களில் பாசி, கண்ணாடியில் பாசி, தண்ணீரில் ஒரு மஞ்சள் நிறம். புது மெசினை இதற்குள் வைப்பதா? எங்கள் ஊரில் கிணற்றுக்குப் புது மெசின் வாங்கினால், முதலில் கிணற்றை இறைத்து, சேறு அள்ளி, சுவரைத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய பிறகுதான் மெசினை வைப்பார்கள். தொட்டியும் ஒரு சின்னக் கிணறுதானே என்று முடிவெடுத்தேன். தோடம்பழத்தை வாளியில் விட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினேன்.

சுகந்தி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா செய்யிறியள்? அப்பா வேற ஒண்டிலையும் கை வைக்க வேண்டாமெண்டவரெல்லோ?"

"நீர் பேசாமல் இரும். கனடாவிலை இருந்து வாறவைக்குப் பாசியையே காட்டிறது?"

பழைய தண்ணீர் முழுவதையும் அள்ளிப் பின்வளவு வாழைக்கு ஊற்றினேன். (அழுக்குத் தண்ணீரைக் கண்டால் நீர்வேலியான் தேடுவது வாழையை.) கற்களைப் பிளீச்சிங் போட்டுத் தேய்த்தேன். பழைய பில்ற்றருக்குள் இருந்த ஸ்பொஞ்சையும் விடவில்லை. மண்ணிறமாய் இருந்தது, நாலுமுறை பிளீச்சிங்கில் பிழிந்ததில் வெள்ளையாகி, கொடியில் என் பனியனுக்குப் பக்கத்தில் காய்ந்தது. பிறகு புதுக் கிணற்றுத் தண்ணீர். தொட்டிக்குள் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. மெசினைப் பொருத்தி, தோடம்பழத்தை உள்ளே விட்டு, மாமியையும் சுகந்தியையும் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, மின் ஆளியைப் போட்டேன்.

தொட்டி ஒருமுறை உறுமியது. அடுத்த கணம் தோடம்பழம் திருவிழாச் சாமிபோல வெளிவீதி சுற்றத் தொடங்கியது. முதல் சுற்றில் அதன் முகத்தில் ஆச்சரியம் இருந்தது. மூன்றாம் சுற்றில் வால் முன்னுக்கும் தலை பின்னுக்குமாக வந்தது. தண்ணீர் வெளிவரும் வாயை நான் சற்று மேல்நோக்கி வைத்துவிட்டேன் போலும். கை மொத்தத்தில் ஒரு தாரை எழுந்து, ஹோலைக் குறுக்கே கடந்து, எதிர்ச் சுவரில் தொங்கிய சகலனின் கலியாணப் படத்தில் போய் மோதியது. வீட்டில் பதினொரு படங்கள் தொங்கின. அதில் மட்டும்தான் பட்டது. (நான் வேண்டுமென்று குறிவைத்ததாகச் சுகந்தி இன்றைக்கும் சொல்வாள்.)

"நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ!"

நிற்பாட்ட ஓடிய நான் தரைத் தண்ணீரில் வழுக்கி, இருந்தபடியே ஆளியைத் தாண்டிப் போனேன். அதற்குள் மின்சாரம் தானாகவே நின்றது. வீடு அமைதியானது. தோடம்பழத்தைக் காணவில்லை. பார்த்தால், மெசின் தண்ணீர் உறிஞ்சுகிற சல்லடையில் அது ஒட்டுப்பட்டுக் கிடந்தது. மாமி குசினிக்குப் போய், மா அரிக்கிற அரிதட்டைக் கொண்டுவந்து மீனைத் தூக்கினார். கொடியேறப் போகிற நேரத்தில், மா அரிதட்டில் மச்சம். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

மீன் உயிரோடு இருந்தது. மெசினைக் கழற்றி எறிந்துவிட்டு அதை மறுபடி தொட்டியில் விட்டேன். தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கிறது, நாளைக்குச் சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று என்னையே சமாதானப்படுத்தினேன். ஒரு மணித்தியாலம் போகவில்லை, தோடம்பழம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சுக்குத் தவித்தது. பெட்டியில் இருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அக்கா, மீன் வாயை ஆவெண்டுது."

"என்ன செய்தனீங்கள்?" நான் யார் என்று அவர் கேட்கவே இல்லை.

சொன்னேன். பிளீச்சிங் என்றதும் அக்கா "ஐயோ" என்றார். "தம்பி, பிளீச்சிங் மிச்சமே மீனுக்கு நஞ்சு! நான் சொன்ன பற்றீரியா முழுக்க உந்தப் பழைய ஸ்பொஞ்சுக்குள்ளையெல்லோ இருந்தது! அது எங்கை?"

"கொடியிலை காயுது."

"பழைய தண்ணியிலை கொஞ்சமாவது மிச்சம் இருக்கோ?"

"வாழைக்கு விட்டிட்டன்."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சுகந்திதான் வழி சொன்னாள். "கிணத்திலை விடுவம். போன வருசம் நுளம்புப் புழுவைத் தின்னவெண்டு சுகாதாரப் பகுதியாலை தந்த சின்ன மீனெல்லாம் அதுக்கை உயிரோடைதானே திரியுது."

"தங்கச்சி சொல்லுறது சரி," என்றார் அக்கா. "ஆனா சும்மா விட்டிடாதையுங்கோ. வலைப்பைக்குள்ளை விட்டுக் கட்டி இறக்குங்கோ. நாளைக்குத் தூக்கலாம்."

வலைப்பை தேட எனக்குப் பொறுமை இல்லை. கிணற்று வாளியில் தண்ணீரோடு மீனை விட்டுக் கப்பியில் மெல்ல இறக்கினேன். வாளி மிதந்துகொண்டு நிற்கும், கயிற்றைக் கட்டிவிடலாம் என்பது என் திட்டம். பிறந்த நாள் முதல் கிணற்றில் அள்ளிய எனக்கு ஒன்று மறந்துபோனது. தண்ணீரைத் தொட்டதும் சரிவதுதான் கிணற்று வாளியின் தொழில். சரிந்தது. தோடம்பழம் ஒருமுறை மினுங்கிவிட்டு ஆழத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை வான் வந்து நின்றது. கதவு திறக்க முதலே ஆரணி குதித்து இறங்கினாள். செருப்பைக் கழற்றாமல் நேரே ஹோலுக்குள் ஓடினாள். நல்லூரில் அவ்வளவு சுத்தமான மீன்தொட்டியை எவரும் கண்டிருக்க மாட்டார்கள். உள்ளே மீன் இல்லை என்பது மட்டும்தான் குறை.

"தோடம்பழம் எங்கை?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அது... கிணத்துக்குள்ளை நிக்குதம்மா. நல்ல சுகமா நிக்குது."

பிள்ளையின் கீழுதடு நடுங்கத் தொடங்கியது. பதினாலாயிரம் கிலோமீற்றர் பறந்து வந்த பிள்ளை. மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தார். அவர் கத்தியிருந்தால் நான் தப்பியிருப்பேன். அந்தத் துடைப்பில் மூன்று மாதத்து அளவை முடிந்து, முடிவும் எழுதப்பட்டுவிட்டது என்று எனக்கு விளங்கியது. அவமானத்தில் காது சுட்டது. அப்போதுதான் அடுத்த பிழையைச் செய்தேன்.

"அழாதையும் குஞ்சு. ஒரு மணித்தியாலத்திலை பிடிச்சுத் தாறன்."

மெசினால் வந்த வினையை மெசினால்தான் தீர்க்க வேண்டும். நீர்வேலிக்குத் தொலைபேசி அடித்தேன். என் ஐயா (அப்பாதான்), கிணறு இறைக்க வேண்டும் என்று சொன்னதைக் கேட்டார், ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அது காரணம் தேவைப்படாத காரியம். அரை மணித்தியாலத்தில் இரண்டு இஞ்சி (அங்குல) மெசினை லான்ட்மாஸ்ரர் உழவுயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கிணற்றை எட்டிப் பார்த்து, "நல்ல ஊத்துள்ள கிணறு" என்று மாமாவைப் பாராட்டிவிட்டு மெசினை முடுக்கினார். ஒன்பதரைக்கெல்லாம் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. நான் அரிதட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, கிணற்றுச் சுவரில் பதித்த இரும்புக் கம்பிப் படிகளால் இறங்கினேன். கீழ்ப்படிகள் எப்போதும் தண்ணீருக்குள் கிடந்து துருவேறியவை. கடைசி மூன்றும் என் பாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்து, என்னோடு கூடவே கீழே வந்தன.

சேற்றிலிருந்து எழுந்து, செம்மஞ்சளாக எதையோ கண்டு பாய்ந்தேன். நழுவியது. இன்னொரு பாய்ச்சல். அது கல்வெடிப்பு ஒன்றுக்குள் புகுந்தது. கையை விட்டுத் துழாவினேன். மேலேயிருந்து ஒரு குரல் கிணறு முழுக்க எதிரொலித்தது.

"சித்தப்பா! துரத்தாதையுங்கோ! அது பயப்பிடுது!"

நிமிர்ந்து பார்த்தேன். வட்டமான வானத்தின் விளிம்பில் ஒரு சின்னத் தலை. ஐயா மெசினை நிற்பாட்டினார்.

"சரி குஞ்சு. துரத்தேல்லை." மேலே வரத் திரும்பினேன். மிஞ்சியிருந்த முதல் கம்பி என் எட்டுக்கு மேலே இருந்தது. துள்ளினேன். சேறு காலை இழுத்தது.

மாமா அளவுநாடாவை இறக்கினார். இருமுறை அளந்தார். ஊற்று எவ்வளவு நேரத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்று மணிக்கூட்டை வைத்துப் பார்த்தார். பிறகு கிணற்றுக் கட்டில் சாய்ந்து அறிவித்தார்.

"மணித்தியாலத்துக்கு ஒன்பது இஞ்சி வருது. உமக்கு முப்பத்தாறு இஞ்சி வேணும். நாலு மணித்தியாலம் நில்லும். தண்ணி ஏற நீரும் ஏறுவீர்."

ஏணி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. கோயிலடியில் தண்ணீர்ப்பந்தல் போடுகிறவர்கள் முதல்நாள்தான் வாங்கிப் போயிருந்தார்கள். கயிறு போட்டு இழுப்போம் என்றார் ஐயா. மாமா கயிற்றைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், வேண்டாம் என்றார்.

கனடாக்காரர் வந்தால் அயல் முழுக்கப் பார்க்க வருவது வழக்கம். பத்து மணியிலிருந்து வரத் தொடங்கினார்கள். மேலே நடப்பது எனக்குத் துல்லியமாகக் கேட்டது.

"இளைய மருமகனையும் கண்டுகொண்டு போவமெண்டு. எங்கை ஆள்?"

"கிணத்துக்குள்ளை," என்பார் மாமி, கடைக்குப் போயிருக்கிறார் என்கிற தொனியில்.

கட்டோரம் இரண்டு தலை, நாலு தலை, ஏழு தலை தோன்றும். நான் கீழே நின்று கும்பிடுவேன். "எந்த ஊர் தம்பி?" என்று ஒருவர் கேட்பார். "நீர்வேலி" என்று கத்துவேன். ஊர் மானம் போகிற சத்தம் எதிரொலித்து அடங்கும். பதினொரு மணிக்கு வாளியில் தேநீரும் இரண்டு வடையும் இறங்கின. (மாமி நல்லவர். அரிதட்டை மன்னிக்கவில்லை, அவ்வளவுதான்.)

என்னோடு கூட இருக்கவென்று வந்தவர் சகலன் ஒருவர்தான். மூன்று மாதமாக நான் மனதுக்குள் சண்டைபிடித்த மனிதர், பயணக் களையோடு ஒரு கதிரையை இழுத்துக் கட்டோரம் போட்டு, எனக்குத் துணையாக இருந்தார். ஆனால் சும்மா இருக்க அவரால் முடியவில்லை. பில்ற்றர் பற்றிச் சொல்லித்தந்தார்.

"பெரிசு நல்லதெண்டில்லைத் தம்பி. தொட்டித் தண்ணி மணித்தியாலத்துக்கு நாலைஞ்சு தரம் பில்ற்றருக்குள்ளாலை போய்வந்தால் போதும். அதாலை, முதல் தொட்டி எத்தினை லீற்றரெண்டு தெரிய வேணும். எத்தினை லீற்றர்?"

எழுந்து போக முடியாத மாணவன் நான். முதல்நாள் போட்ட அதே சட்டை, அப்போதுதான் அதன் பை நினைவு வந்தது. நனைந்து ஊறிய துண்டைக் கிழியாமல் விரித்தேன். மாமாவின் முத்து முத்தான எழுத்து பேனை மை கரைந்து கொஞ்சம் பரவியிருந்தது. தொட்டியின் நீளம், அகலம், உயரம். கொள்ளளவு நூற்றி அறுபது லீற்றர். கீழே அடிக்கோடிட்டு: மணிக்கு எண்ணூறு லீற்றருக்கு மேல் வேண்டாம். பழைய ஸ்பொஞ்சைக் கழுவ வேண்டாம், புதியதற்குள் வைக்கவும்.

"மாமா!" என்று கத்தினேன். "இதிலை எல்லாம் வடிவா எழுதியிருக்கு!"

மேலே மாமாவின் தலை தெரிந்தது. "ஓமோ?" என்றார். "வாசியும். இப்ப நேரம் இருக்குத்தானே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். முதலில் மூக்கால் ஒரு சத்தம். பிறகு அடக்க முடியாமல் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். அந்த மனிதர் சிரித்து நான் அதுவரை கண்டதில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. கண்ணீரும் வந்தது, மேலே எவருக்கும் தெரியவில்லை.

உச்சி வெயில் நேரே கிணற்றுக்குள் விழுந்தபோது தண்ணீர் என் இடுப்புக்கு வந்துவிட்டது. வெடிப்புக்குள்ளிருந்து தோடம்பழம் மெல்ல வெளியே வந்தது. வாலில் ஒரு சின்னக் கிழியல், மற்றப்படி குறையில்லை. என்னை இரண்டுமுறை சுற்றிவிட்டு என் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றது. நான் மூச்சு விடவில்லை. மேலே மாமா ஆரணியைத் தூக்கிப் பிடித்தார்.

"தோடம்பழம்! நான் ஆரணி! நான் வந்திட்டன்!"

மீன் வாயைத் திறந்து மூடியது.

"சித்தப்பா, என்ன சொல்லுது?"

"ஏன் இவ்வளவு நாளாய் வரேல்லை எண்டு கேக்குது."

அரை மணித்தியாலம் மொழிபெயர்த்தேன். விமானத்தில் என்ன சாப்பாடு, முன்பல் எப்படி விழுந்தது, எல்லாவற்றுக்கும் மீனின் அபிப்பிராயத்தை நான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. கடைசியில் பிள்ளை தீர்ப்புச் சொன்னாள். தோடம்பழத்துக்கு இந்தப் பெரிய வீடுதான் பிடித்திருக்கிறது, அது இங்கேயே இருக்கட்டும். இரண்டு மணிக்கு என் கை கம்பியை எட்டியது. மேலே ஏறியபோது அயலவர்கள் கைதட்டினார்கள்.

அது நடந்து ஆறு வருடம். மீன் இப்போது முழங்கை அளவுக்கு வளர்ந்து கிணற்றை ஆள்கிறது. ஆரணி கனடாவுக்குத் திரும்பிய அடுத்த மாதம், பள்ளிக்கூடத்தில் 'என் குடும்பம்' என்று ஒரு படம் வரைந்து அனுப்பினாள். அம்மப்பா, அம்மம்மா, அம்மா, அப்பா, சித்தி எல்லோரும் பச்சைப் புல்லில் கைகோத்தபடி நின்றார்கள். அவர்களுக்குக் கீழே, மண்ணுக்குள், ஒரு நீல வட்டம். அதற்குள் நானும் ஒரு செம்மஞ்சள் மீனும். மாமா அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஹோலில் மாட்டினார். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரையும் அதன் முன்னால் நிறுத்தி, "எங்கடை இளையவர்" என்று விரலால் வட்டத்தைத் தொட்டுக் காட்டுவார். நான் கேட்க ஆசைப்பட்ட சொல்தான். இந்த இடத்தில் கேட்பேன் என்று நினைக்கவில்லை.

போன கிழமை என் மகள், வயது நாலு, கதிரையில் ஏறி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கவலையோடு திரும்பினாள்.

"அப்பா, பிறகு உங்களைக் கிணத்துக்குள்ளை இருந்து ஆர் எடுத்தது?"

நான் வாய் திறக்கமுதல், பேப்பருக்குப் பின்னால் இருந்து மாமாவின் குரல் வந்தது.

"இன்னும் எடுக்கேல்லைப் பிள்ளை."